பலகையில் பெயர் போடாதே, மாப்ளே

மாப்ளே,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். நம் நண்பன் தாடி சொன்னதைக் கேட்டுத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்: உன் டீமில் யார் எவ்வளவு கோடு (புரோகிராம் வரிகள்) எழுதினார்கள் என்று பெயரோடு பெரிய திரையில் போடப் போகிறாயாமே? போட்டி வரட்டும் என்றாயாம். வரும், கவலைப்படாதே.

வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜை அப்டேட் செய்தாலே, பேக்கேஜ்களின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் ஆயிரக்கணக்கில் வரிகள் தானாக மாறலாம். கோடின் இடைவெளி, வரி அமைப்பைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டரை ஒரு தடவை ஓட்டியவன் அந்த வாரம் உன் பலகையில் ராஜா. அதையெல்லாம் வடிகட்டிவிட்டாய் என்றே வை. 1982-இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில் வாராவாரம் எத்தனை வரி எழுதினோம் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். அந்தக் குழுவின் புரோகிராமர் பில் அட்கின்சன் அப்போதுதான் திரையில் படம் வரையும் குவிக்டிரா மென்பொருளின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு, கோடு 2000 வரி குறைந்தது. படிவத்தில் ‘-2000’ என்று எழுதிக் கொடுத்தார். உன் திரையில் அந்த மனுஷனுக்குக் கடைசி இடம்.

கமிட்டை, அதாவது சேமித்த ஒவ்வொரு மாற்றத்தையும், எண்ணினால்? பல கமிட்டைச் சேர்த்து ஒன்றாக்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் போட்டால் பத்தும் ஒன்றாகிவிடும். டிக்கெட்டை (பதிவான வேலையை) எண்ணினால் ஒன்று நாலாக உடையும். வேலையின் அளவுக்குப் போடும் ஸ்டோரி பாயின்ட் என்றால் நேற்றைய 3 அடுத்த ஸ்பிரின்டில் (சில வார வேலைச் சுற்றில்) 5. யாரையும் குறை சொல்ல முடியாது, நீ கேட்டதைத்தான் தருகிறார்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ரிவ்யூவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அடுத்தவர் கோடை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பவருக்குப் பலகையில் பூஜ்யம். கொஞ்ச நாளில் படிக்காமலே அப்ரூவ் விழும். எந்த வேலை முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் ரேஸ் கண்டிஷன் பக்கை (பிழையை) மூன்று நாள் துரத்தி ஒரே வரியில் சரிசெய்பவர், அடுத்த முறை அந்த டிக்கெட்டைக் கண்டும் காணாமல் போவார். புதுப் பையன் சந்தேகம் கேட்டால் எல்லாரும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள்.

அளக்காதே என்று சொல்லவில்லை. பெயரை எடுத்துவிடு. புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறந்து முதல் ரிவ்யூ வர எத்தனை மணி, மெர்ஜ் ஆனது புரொடக்‌ஷன் (பயனர்கள் கைக்கு) போக எவ்வளவு நேரம், எத்தனை டெப்ளாய் (வெளியீடு) ரோல்பேக் ஆனது (பழையதற்கே திரும்பியது), சிஸ்டம் விழுந்தால் எழ எவ்வளவு நேரம், எல்லாம் டீமுக்கு மொத்தமாக. நேரக் கணக்குகளுக்குச் சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடு; மூன்று வாரம் தூங்கும் ஒரே புல் ரிக்வெஸ்ட் சராசரியைக் கெடுத்துவிடும். முதல் ரிவ்யூவுக்கே இரண்டு நாள் ஆகிறதென்றால் ஆளைத் தேடாதே, புல் ரிக்வெஸ்ட் எவ்வளவு பெரிதென்று பார்.

திரை வாங்கியாகிவிட்டதென்றால் பில்டு (கோடைத் தொகுத்துச் சோதிப்பது) சிவப்பா (தோல்வி) பச்சையா (வெற்றி) என்று காட்டு.

குட்டை