ஓர் எழுத்துப் பிழையைத் தேடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை பார்க்கும் கருவியைப் போல, ஒரு துளி இரத்தத்தில் மரபணுப் பிழையைக் காட்டும் மலிவான பட்டை வர ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருந்தாய். இந்த மாதம் முழுவதும் நான் மல்லுக்கட்டுவது அந்தக் கேள்வியோடுதான்.

இரத்தத்தில் சர்க்கரை ஏராளமாக இருக்கிறது; அதை அடையாளம் காண ஒரு நொதி போதும். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாள் செல் நோயிலோ, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான அடினின் இருக்கவேண்டிய ஓர் இடத்தில் இன்னோர் எழுத்தான தைமின் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓர் எழுத்தைத்தான் பிடித்தாக வேண்டும்.

முதலில் தங்க நுண்துகள்களை வைத்து முயன்றேன். தனித்து மிதக்கும்போது அவை செந்நிறமாக இருக்கும். உப்பைச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஊதாவாகும். ஒற்றை இழை டிஎன்ஏ துகள்களின் மேல் படிந்து அவற்றைக் காக்கும். அது தன் இணை இழையைக் கண்டு இரட்டை இழையாகிவிட்டால் அந்தக் காவல் போய், உப்பில் துகள்கள் ஊதாவாகிவிடும். கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் சென்ற வாரம் உப்புச் சற்றுக் கூடிப்போய், இணை இழையே சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயும் ஊதாவாகி, ஒரு நாள் உழைப்பு வீணாயிற்று.

இப்போது, டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு வரிசையைத் தேடிப் பிடித்து வெட்டும் நொதிகளைப் பயன்படுத்தும் கிரிஸ்பர் முறைக்கு மாறியிருக்கிறேன். 60 முதல் 65 டிகிரி வரையிலான ஒரே வெப்பநிலையில் லேம்ப் என்னும் முறையில் டிஎன்ஏவைப் பெருக்குவதால், சூட்டை ஏற்றி இறக்கிப் பெருக்கும் விலையுயர்ந்த பிசிஆர் இயந்திரம் தேவையில்லை. பிறகு காஸ்12 என்னும் கிரிஸ்பர் நொதி, எதைத் தேடவேண்டும் என்று அதற்குச் சொல்லும் சிறு இழையான வழிகாட்டி ஆர்என்ஏ காட்டும் வரிசையைக் கண்டதும், அருகில் உள்ள ஒற்றை இழைகளையெல்லாம் வெட்டித் தள்ளும். அந்த வெட்டு காகிதப் பட்டையில் கோடாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நொதி பல வேளைகளில் பொருட்படுத்துவதில்லை. அதனால் வழிகாட்டியிலேயே வேண்டுமென்று ஒரு பிழையைப் புகுத்துகிறார்கள். ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் நொதி, இரண்டாவதும் சேர்ந்தால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. திருடனைப் பிடிக்க இன்னொரு திருடனை அமர்த்துவது போல!

பிழையை மட்டும் தேடும் பட்டையை நான் அரைகுறை என்றே சொல்வேன். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு மரபணுப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் பிழை இருப்பவரையும் இரண்டிலும் இருப்பவரையும் அது பிரித்துக் காட்டாது. முன்னவர் பிழையைச் சுமப்பவர் மட்டுமே, பின்னவர்தான் நோயாளி. ஆகவே சரியான வரிசைக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று என இரு பட்டைகள் வேண்டும். அடுத்த வாரம் அதைத்தான் சோதிக்கப்போகிறேன். சுமப்பவரின் மாதிரியில் இரண்டு பட்டைகளிலும் கோடு விழுந்தால் உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்