கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

"பத்து நாள் லீவுல என்னடா பண்ணினே?" என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். "ஒண்ணும் பண்ணலை" என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த "அதானே" இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் சொன்னது முழு உண்மை இல்லை. ஒரு காரியம் பண்ணினேன். உன்னிடம் வாயால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதி உன் காதில் விழாது. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற மாதிரி கடிதமாக எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நீ கொஞ்சம் அடக்கமாக இருப்பாய்.

லீவின் மூன்றாம் நாள், ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேன்.

சிரித்து முடித்தாயா? சரி, மேலே சொல்கிறேன்.

நம் சண்டை எப்போது ஆரம்பித்தது என்று உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது. நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவல், குப்புறப் படுத்துக்கொண்டு படிக்கிறேன். 40 பக்கம்கூடத் தாண்டவில்லை. நீ தலை துவட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாய். போகிற போக்கில் அட்டையைப் பார்த்து, "அந்த டாக்டர்தான்" என்றாய். அவ்வளவுதான். மூன்று நாள் அந்தப் புத்தகத்தை நான் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் என் சொந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களுக்கெல்லாம் ரப்பர் பேண்ட் போட ஆரம்பித்தேன். நீ அதைக் கழற்றிப் படித்துவிட்டு, அதே இடத்தில் அதே முறுக்கோடு திரும்ப மாட்டி வைத்தாய். அந்த நேர்த்திதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"முடிவு தெரிஞ்சாத்தான்டா நிம்மதியாப் படிக்க முடியும்" என்பது உன் கட்சி. முடிவு தெரிந்தால் எதற்குப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

லீவுக்கு வருகிறேன். லீவுக்கு முன்னால் பட்டியல் போடுகிற நான் வேறு ஆள், லீவில் உட்கார்ந்திருக்கிற நான் வேறு ஆள். முன்னவனுக்குப் பேராசை, ஆறு தடிப் புத்தகங்களையும் பதினான்கு படங்களையும் எடுத்து வைத்திருந்தான். பின்னவன் பகலில் தூங்கினான். ராத்திரியில் எந்தப் படம் பார்க்கலாம் என்று முக்கால் மணி நேரம் ரிமோட்டைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, எதையும் பார்க்காமல் படுத்தான். முதல் இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் அந்த ஆறில் ஒன்றை எடுத்தேன். மூன்று தலைமுறைக் கதை. 120-ஆம் பக்கத்தில் திணறிப்போனேன். யார் யாருக்குச் சித்தப்பா என்று முன்னால் முன்னால் புரட்ட வேண்டியிருந்தது. அதில் ஒரு தாத்தா வருகிறார், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் செத்துவிடுவாரோ என்ற பயத்தில் எழுத்து கண்ணில் படுகிறது, மனசில் ஏறவில்லை. வீட்டில் யாரும் இல்லை. நீயும் இல்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

அங்கே என்ன இருந்தது தெரியுமா? பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகளின் பட்டியல்.

உனக்கு இது பழகியிருக்கும், எனக்குப் புதிது. புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக அச்சடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அடித்து மடிப்பார்கள். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். கதை பாரத்தின் நடுவில் முடிந்துவிட்டால் மிச்சப் பக்கங்களை வெறுமையாக விடவேண்டும், அல்லது விளம்பரம் போட்டு நிரப்ப வேண்டும். அதனால்தான் சில நாவல்களில் இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது என்று வலது கட்டைவிரல் நம்பிக்கொண்டிருக்கும்போது கதை சட்டென்று முடிந்து முகத்தில் அறைகிறது. மின்நூலில் இன்னும் மோசம். 88 சதவீதம் என்று காட்டும்போதே நன்றியுரை வந்துவிடும். மீதி எல்லாம் அடுத்த புத்தகத்தின் மாதிரி அத்தியாயம்.

கட்டைவிரல் என்றதும் நினைவுக்கு வருகிறது. முடிவை முன்னாலேயே தெரிந்துகொள்ளாதவன் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் பொய்தான். மீதிப் பக்கங்களின் கனம் கையில் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 'நார்த்தாங்கர் ஆபி'யின் கடைசி அத்தியாயத்தில் இதை வைத்தே கேலி செய்கிறார்: மிச்சப் பக்கங்கள் குறைந்துவிட்டதைப் பார்த்தே எல்லாம் சுபமாக முடியப்போகிறது என்று வாசகர்களுக்குத் தெரிந்திருக்குமாம். அந்த நாவல் வந்தது 1817-இன் கடைசியில். இப்போது ஓடிடியில் படத்தை நிறுத்தினால் கீழே கோடு வந்து இன்னும் 38 நிமிடம் என்கிறது. போலீஸ் ஒருவனைப் பிடித்து விலங்கு மாட்டுகிறது, பின்னணி இசை முழங்குகிறது. இன்னும் 38 நிமிடம் இருக்கிறதே, இவன் கொலைகாரன் இல்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

போகட்டும். பட்டியலைத் தாண்டிப் பின்னோக்கிப் புரட்டி, கதையின் கடைசிப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். தாத்தா இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஐந்தாறு வரிதான். புத்தகத்தை மூடினேன். முப்பது வருஷக் கொள்கை போய்விட்டதே என்று கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

126-ஆம் பக்கத்தில் தாத்தா கதவின் கீலுக்கு எண்ணெய் போடுகிறார். பழைய பனியனைக் கிழித்து, ஒரு முனையை எண்ணெயில் தோய்த்து, கீலின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறார். கதவை இப்படியும் அப்படியும் ஆட்டி, காதை வைத்துக் கேட்கிறார். மறுபடி ஒரு சொட்டு. முழுசாக ஒரு பக்கம் இதுதான். பூட்டப்போகிற கதவு அது என்று தெரியாமல் படித்திருந்தால் இதைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன், சத்தியமாக. எழுத்தாளர் எதற்கு இவ்வளவு வளர்க்கிறார் என்று முணுமுணுத்திருப்பேன். தெரிந்ததால் இரண்டு தடவை படித்தேன்.

இங்கேதான் நீ பாதி ஜெயித்தாய்.

மீதிப் பாதிக்கு ஆதாரம் தேடிப் போனால் அதுவும் உன் பக்கமே பேசுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்று இருவர் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 12 சிறுகதைகள், கடைசியில் திருப்பம் வருபவை, துப்பறியும் கதைகள், சாதாரண இலக்கியக் கதைகள் என்று மூன்று வகை. முடிவை முன்னாலேயே சொல்லிக் கொடுத்தவர்கள்தான் மூன்று வகையிலும் சராசரியாகக் கதையை அதிகம் ரசித்திருக்கிறார்கள். துள்ளாதே. பின்னால் வேறு சிலர் செய்த சோதனைகளில் நேர்மாறாகவும் வந்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கிய விஷயம். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாது. வெடிக்கிறது. நமக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே காட்சி, ஆனால் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், ஒரு மணிக்கு வெடிக்கும் என்றும் தெரியும், சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். இப்போது அந்த அரட்டையே 15 நிமிடப் பதைபதைப்பு. முடிந்தவரை ரசிகர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறார். ஆனால் கதையின் உயிரே கடைசித் திருப்பத்தில் இருந்தால் சொல்லக்கூடாது என்று விதிவிலக்கும் வைக்கிறார். 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களுக்கு உத்தரவு போட்டவரும் இதே மனுஷன்தான். அந்தத் தியேட்டர் வாசலில் உன்னை நிறுத்திப் பார்க்க ஆசை.

ஆக, சினிமாவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐந்தாம் நாள் ஒரு படத்தின் முடிவை வேண்டுமென்றே முன்னால் படித்துவிட்டுப் பார்த்தேன். நாவலில் நடந்தது இங்கே நடக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது: நாவலில் வேகம் என் கையில் இருக்கிறது. முடிவு தெரிந்ததும் அவசரம் போய்விடுகிறது, நான் மெதுவாகிவிடுகிறேன், எண்ணெய்ச் சொட்டு தெரிகிறது. படம் எனக்காக மெதுவாகாது. எனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். நான் மட்டும் முன்னால் போய் கிளைமாக்ஸ் வாசலில் கைகட்டி நின்றுகொண்டு, படம் எப்போது வந்து சேரும் என்று கொட்டாவி விட்டேன்.

போதாக்குறைக்கு அது சப்டைட்டில் படம். சப்டைட்டில் உன்னைப் போல. நடிகர் வாய் திறந்து, தயங்கி, கண் கலங்கி, "நான்தான்..." என்று இழுப்பதற்குள் கீழே இரண்டு வரியில் எல்லாம் வந்து நிற்கிறது.

சினிமாவில் உன் முறை என்பது இரண்டாம் தடவை பார்ப்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது. முதல் தடவை கதை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாம் தடவை நாம் ஓரங்களைப் பார்க்கலாம், யாரும் கவனிக்காதபோது அந்த ஆள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வது அப்போதுதான் தெரியும். விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானே, அவனை விடு. அவனோடு உட்கார்ந்திருந்த மற்ற எல்லோருக்கும் முடிவு தெரியும்தானே? தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்களே.

ஏழாம் நாளிலிருந்து லீவு சரியத் தொடங்கியது. இன்னும் மூன்று நாள், இன்னும் இரண்டரை நாள் என்று உள்ளே ஒரு கோடு ஓட ஆரம்பித்துவிட்டது, ஓடிடியில் வருகிற மாதிரியே. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுற்றுலா போகப்போகிறவர்கள் போவதற்கு முன்னால்தான் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்கிறது. திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே இல்லையாம். நான் எங்கும் போகவில்லை. ஆனாலும் பட்டியல் போட்ட அந்த ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் பழைய பெட்டி ஒன்றைக் கிளறினேன். மேலாக ஒரு பாக்கெட் நாவல், என்னுடையதுதான், உள்ளட்டையில் என் கோணல் கையெழுத்து. மலிவுத் தாள், ஓரமெல்லாம் பழுப்பாகியிருந்தது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் வருஷக்கணக்கில் சிதைந்துதான் தாள் இப்படி மஞ்சளாகிறது. சிதையும்போது வருகிற பொருள்களில் வனிலின் ஒன்று, பழைய புத்தகத்தில் லேசாக வனிலா வாசம் அடிப்பது அதனால்தான். கடைசிப் பக்கங்களைச் சுற்றி ரப்பர் பேண்ட்! படித்து முடித்த பிறகும் உன் மேல் இருந்த வீம்பில் கழற்றாமல் விட்டிருக்கிறேன். இழுக்கக்கூட இல்லை, தொட்டதும் உதிர்ந்தது. பாதி ரப்பர் உருகித் தாளோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கடைசித் தாள் குறுக்கே கிழிந்து வந்துவிட்டது. கீழ்ப் பாதி என் கையிலேயே பொடியாகிப் போனது.

இரண்டு நாளில் படித்து முடித்தேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை, புதுப் புத்தகம் மாதிரியே இருந்தது. 206-ஆம் பக்கத்தில் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். அடுத்த பக்கத்தின் மேல் பாதியில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். கிழிந்த இடத்தில், "அது வேறு யாருமல்ல" என்று இருக்கிறது.

உனக்கு இந்தக் கதையின் மீதி ஒன்றும் தெரியாது, எனக்கு மீதி மட்டும்தான் தெரியும். நீ ரப்பர் பேண்டைக் கழற்றிப் படித்தது அந்த ஒரு பக்கம்தான். பச்சை அட்டை, அதில் ஒரு கைவிளக்கு, ஒரு ஏணி. யோசித்துப் பார். என் ஊகத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி 206-ஆம் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்; நீ சொன்ன பிறகு பிரித்துப் பார்ப்பேன், மாற்றி எழுத மாட்டேன்.

ஒன்றுதான் பயமாக இருக்கிறது. இந்தக் கதையிலும் ஒரு டாக்டர் வருகிறார்.

இப்படிக்கு,
உன் தம்பி