பேக்கப் சர்வரின் லாக்கில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வர் முடங்கியதால் மக்கள் காத்திருந்து திரும்பிய செய்திகள் உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. ‘தகவல்கள் பேக்கப்பில் பத்திரமாக உள்ளன’ என்று அதிகாரி ஒருவர் சொன்னதோடு பெரும்பாலும் செய்தி முடிந்துவிடும். கோவையில் சில மருத்துவமனைகள், மில்களின் பேக்கப் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், அங்கே லாக், அதாவது பேக்கப் சர்வர் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் பதிவேடு, எந்த நிலையில் இருக்கிறதோ என்றுதான் எனக்கு யோசனை போகும்.

பேக்கப் சர்வரைப் பெரிய டிஸ்க் என்றே பலர் நினைக்கிறார்கள். எந்த ஃபைலின் எந்தத் தேதிப் பிரதி எந்த டேப்பில் (காந்த நாடாவில்) இருக்கிறது என்று குறித்து வைக்கும் டேட்டாபேஸ் ஒன்று அதற்குள் உண்டு. அது போனால், அலமாரி நிறைய டேப் இருந்தும் எதையும் எடுக்க முடியாது. மளிகைக்கடையில் முதலில் சிட்டாவில் எழுதிவிட்டு அப்புறம் பேரேட்டில் ஏற்றுவது போல, இந்த டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக்கில் எழுதும். நடுவில் கரண்ட் போனாலும் லாக்கை வைத்துத்தான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே லாக்கில் எழுத இடமில்லை என்றால் சர்வர் மேற்கொண்டு வேலை செய்ய மறுத்து நின்றுவிடும். நிற்பதுதான் நியாயம்.

நான் அதிகம் புழங்குவது ஐ.பி.எம்.மின் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் (டி.எஸ்.எம்.) என்ற பேக்கப் மென்பொருள். 2015-இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்று பெயர் மாற்றினார்கள், இப்போது ஸ்டோரேஜ் புரொடெக்ட். எங்கள் வாயில் இன்னும் டி.எஸ்.எம்.தான். அதன் ஐந்தாம் பதிப்பில் மேலே சொன்ன லாக் (ரெகவரி லாக் என்பார்கள்) 13 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. ஏதோ ஒரு கிளையிலிருந்து மெதுவான லைனில் பெரிய ஃபைல் ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருக்கும். அது முடியும்வரை, அது தொடங்கிய இடத்திலிருந்து லாக்கில் எதையும் விடுவிக்க முடியாது. மற்ற மெஷின்களோ எழுதிக்கொண்டே போகும். விடிவதற்குள் லாக் நிரம்பிவிடும். 2009-இல் ஆறாம் பதிப்பு டி.பி.2 டேட்டாபேஸோடு வந்தபோது அந்த 13 ஜி.பி. வரம்பு போயிற்று, தொல்லை இடம் மாறியது. இப்போது நடப்பு மாற்றங்களை எழுதும் ஆக்டிவ் லாக் தனி, எழுதி முடித்தவற்றைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் லாக் தனி. நிரம்பிய லாக் ஃபைல்கள் ஆர்க்கைவுக்குப் போய்ச் சேரும். முழு டேட்டாபேஸ் பேக்கப், அதாவது அந்த டேட்டாபேஸையே முழுதாகப் பிரதி எடுப்பது, ஒழுங்காக முடிந்தால்தான் அங்கே பழையவை கழியும்.

நான் பார்த்தவரை லாக் நிரம்பும் வழக்குகளில் பாதிக்கு மேல் காரணம் இந்தக் கடைசிப் படி தோற்பதுதான். ஒரு தனியார் மருத்துவமனையில் தீபாவளி விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். டேப்களை அடுக்கித் தானாக மாற்றும் டேப் லைப்ரரியில் காலி டேப் தீர்ந்துவிட்டது. இரவு ஓடவேண்டிய டேட்டாபேஸ் பேக்கப் தினமும் தோற்றது. எச்சரிக்கை மெயில்கள் தவறாமல் போயின, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு! ஆர்க்கைவ் டிஸ்க் நிரம்பியது, அடுத்து ஆக்டிவ் லாக் நிரம்பியது, சர்வர் நின்றது. டியூட்டியில் இருந்த பையன் டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். பழைய தேதியில் ஏராளமான லாக் ஃபைல்கள். வெறும் வருகைக் குறிப்பான வெப்சர்வர் லாக்கைத் துடைப்பது போல எல்லாவற்றையும் துடைத்துவிட்டான், ஆக்டிவ் லாக் உட்பட. டேட்டாபேஸ் எழுந்திருக்கவில்லை. கடைசியாக ஒழுங்காக முடிந்த டேட்டாபேஸ் பேக்கப்பிலிருந்துதான் மீட்க முடிந்தது. அதற்குப் பிந்தைய நாட்களின் ஸ்கேன் படங்கள் டேப்பில் இருந்தாலும், எங்கே இருக்கின்றன என்பது டேட்டாபேஸுக்குத் தெரியாது. அந்தப் பையனைத் திட்டினார்கள். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய லாக் ஃபைல்களை அழிக்க எழுதிய ஸ்கிரிப்டை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிட்டார்கள். குழம்பிய ஸ்கிரிப்டால் 77 டெராபைட் ஆராய்ச்சித் தகவல் அழிந்தது.

லாக் நிரம்பி சர்வர் நின்றுவிட்டால் முதல் வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது. ஆர்க்கைவ் லாக் இருக்கும் டிஸ்க்குக்கு இடம் கூட்டுங்கள். முடியாவிட்டால் அந்த ஃபைல்களை வேறு பெரிய டிஸ்க்குக்கு நகர்த்தி, புதிய பாதையை சர்வருக்குச் சொல்லுங்கள். ஆக்டிவ் லாக்கே போதாது என்றால் அமைப்பு ஃபைலில் அதன் அளவைக் கூட்டலாம், டிஸ்க்கில் இடம் இருக்க வேண்டும். சர்வர் எழுந்ததும் வழக்கமான பேக்கப்களை ஓடவிடாமல் நிறுத்திவிட்டு, முழு டேட்டாபேஸ் பேக்கப்பை ஓட்டுங்கள். டேப் இல்லையா, தனியாக ஒரு டிஸ்க்கில் எடுங்கள். அது முடிந்தால் ஆர்க்கைவ் தானாகக் குறையும்.

வராமல் தடுப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. டேட்டாபேஸ், ஆக்டிவ் லாக், ஆர்க்கைவ் லாக் மூன்றையும் ஒரே டிஸ்க்கில் திணிக்கக் கூடாது. ஆர்க்கைவ் முக்கால்வாசி நிரம்பும்போதே, இன்று வேலையில் இருக்கும் ஒருவருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். காலாவதிப் பிரதிகளைக் கழிப்பது, டூப்ளிகேட் நீக்குவது இரண்டும் லாக்கை வேகமாகத் தின்னும் வேலைகள். அவற்றை இரவு பேக்கப் நேரத்தோடு மோதவிடக் கூடாது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போகும் கிளை இணைப்பை சர்வரே துண்டிக்கும் வசதி ஐந்தாம் பதிப்பிலேயே இருந்தது. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் எல்லாரும் எழுதுவது ‘சர்வர் இத்தனை சதவீத நேரம் ஓட வேண்டும்’ என்பதைத்தான். டேட்டாபேஸ் பேக்கப் வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தாலும் சர்வர் ஓடும், பில்லும் பாஸாகும். கடைசி முழு டேட்டாபேஸ் பேக்கப் முடிந்த தேதி, ஆர்க்கைவ் லாக் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, காலி டேப் எத்தனை என்ற மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மாதமும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அரசு அலுவலகங்களின் டெண்டரிலும் இதைச் சேர்க்க தகவல் தொழில்நுட்பத் துறை உத்தரவிடலாம். உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது பேக்கப் இருக்கிறது என்றால், எந்தத் தேதி பேக்கப் என்று கேட்டு அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பேக்கப் பராமரிப்பாளர் ஒருவர்,
பீளமேடு, கோவை.