அண்ணனுக்கு ஒரு விரல், தம்பிக்கு ஒரு விரல்

பாளையங்கோட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. பேத்தி பிறந்திருப்பதையும், அவளுக்கு உன் அம்மாவின் பெயரையே வைக்கப்போகிறீர்கள் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும். என் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆனி மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தேன். கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. இப்போது சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தின் தாளை இடது கையாலேயே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சி எனக்குச் சலித்துப்போனதைப் பார்த்த மகள், விடுமுறைக்கு வந்தபோது தன்னுடைய வீடியோ கேம் கன்ட்ரோலரை, இரண்டு கைகளாலும் பிடித்து விளையாட்டை நடத்தும் கருவியை, என் மடியில் வைத்து, "இடது கட்டைவிரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாதுப்பா" என்றாள். விரலுக்காகத் தொடங்கினேன், கதைக்காகத் தொடர்ந்தேன். இதைப் போன கடிதத்தில் ஒற்றை வரியாகக் குறிப்பிட்டதற்குத்தான் நீ இரண்டு பக்கம் மறுப்பு எழுதியிருக்கிறாய். கதை கேட்பவனுக்குக் கை சும்மா இருக்கவேண்டும், கைக்கு வேலை கொடுத்தால் கவனம் வேலையோடு போய்விடும், கதை வாசலில் நின்றுவிடும் என்பது உன் கட்சி. ஆனால் சிறுவயதில் நாம் இருவரும் உன் பாட்டியிடம் கேட்ட கதைகளை எல்லாம் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டேதான் கேட்டோம் என்பதை நினைத்துப் பார். கை ஓயாமல் வேலை செய்தது, கதை ஒரு சொல் சிந்தாமல் காதுக்குள் போனது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் கையிலிருந்த புளிக்கும் பாட்டி சொன்ன ராஜகுமாரனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கை செய்கிற வேலையே கதையாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் இந்த மூன்று மாதத்தில்தான் கண்டேன். அதைத்தான் உனக்கு விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில், பெரும்பாலான விளையாட்டுகளைப் பொறுத்தவரை நீ சொல்வது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் கதை ஒரு பக்கம் போகும், ஆட்டம் வேறொரு பக்கம் போகும். கட்சீன் என்று ஒன்று வரும். அப்போது ஆட்டம் நின்று, திரையில் சினிமாபோல ஒரு காட்சி ஓடும், நாம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காட்சியில் கதாநாயகன் நண்பனுக்காகக் கண்கலங்குவான். காட்சி முடிந்த மறுநிமிடம் அதே ஆள் வழியில் நிற்கிற நாற்பது பேரைச் சுட்டுத் தள்ளிக்கொண்டு போவான். அன்சார்ட்டட் என்ற புகழ்பெற்ற வரிசையின் நாயகன் நேதன் டிரேக் இப்படிப்பட்டவன். பேச்சில் குறும்பும் பாசமும் நிறைந்தவன், ஆனால் நம் விரலுக்கு அவன் தரும் வேலையில் பெரும்பகுதி துப்பாக்கி சுடுவது. கிளின்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இல், பயோஷாக் என்ற விளையாட்டைப் பற்றி எழுதும்போது, இந்த ஒட்டாமைக்கு லூடோநரேட்டிவ் டிஸ்ஸொனன்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் ஆட்டம் நம்மை நம் நலனை மட்டும் பார்த்துக்கொள்ளத் தூண்டுகிறது, அதன் கதையோ முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவியே ஆகவேண்டும் என்று மாற்றுவழி தராமல் கட்டாயப்படுத்துகிறது, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்பது அவருடைய குறை. 2016இல் வெளிவந்த அன்சார்ட்டட் நான்காம் பாகத்தில், ஆயிரம் எதிரிகளை வீழ்த்துபவருக்குக் கிடைக்கும் கோப்பைக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார்கள். குறை தங்களுக்குத் தெரியும் என்று காட்டியதில் நேர்மை உண்டுதான். தெரிந்தும் அப்படியே விட்டுவைத்ததில் எனக்கு வருத்தம்.

இனி, என்னை மாற்றிய விளையாட்டுக்கு வருகிறேன். பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் என்பது அதன் பெயர். 2013இல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. இதை இயக்கிய ஜோசஃப் ஃபாரெஸ் லெபனானில் பிறந்து, சிறுவனாக ஸ்வீடனுக்குப் போய், அதற்குமுன் திரைப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். சினிமாக்காரர் விளையாட்டுச் செய்தால் அழகான காட்சிகளாக அடுக்கி நம்மை உட்காரவைத்துக் காட்டுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். அவரோ கதையின் பாரம் முழுவதையும் இரண்டு கட்டைவிரல்களில் ஏற்றிவைத்தார்.

கதை சின்னது. தாயைத் தண்ணீரில் பறிகொடுத்த குடும்பம்; தந்தை நோயில் கிடக்கிறார்; அவரைப் பிழைக்கவைக்கும் தண்ணீரைத் தேடி அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். கன்ட்ரோலரில் இடது குமிழ் அண்ணனை நடத்துகிறது, வலது குமிழ் தம்பியை நடத்துகிறது, ஆளுக்கு ஒரு பட்டன், அவ்வளவுதான். அவர்கள் பேசுவது உலகில் எங்கும் இல்லாத ஒரு மொழி. ஒரு சொல்லும் நமக்குப் புரியாது, புரியவேண்டிய தேவையும் வராது. கனமான நெம்புகோலை அண்ணன் இழுப்பான், கம்பிகளுக்கிடையே தம்பி நுழைவான். தாய் மூழ்கியதைக் கண்ணால் பார்த்த தம்பிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஆறு குறுக்கிடும்போதெல்லாம் அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான். எனக்கு இடது விரல் சொன்னபடி கேட்காத நாட்கள் அவை. பலசாலி அண்ணன் சுவரில் முட்டிக்கொண்டு பின்தங்கி நிற்க, தம்பி முன்னால் ஓடிப்போய்க் காத்திருப்பான். இருவரையும் ஒன்றாக நடத்தப் பழகுவதற்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. பழகியபின் அண்ணன் எந்த விரல், தம்பி எந்த விரல் என்று யோசிப்பதே நின்றுவிட்டது.

நீ இதை விளையாடப்போவதில்லை என்று உறுதியாக எழுதியிருப்பதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கிடைக்கும் நேரத்தில் அண்ணன் இறந்துபோகிறான். அவனைக் குழியில் கிடத்துவதும் மண்ணைத் தள்ளி மூடுவதும் நம் கையால்தான் நடக்கின்றன. ஒவ்வொரு மண்குவியலாகத் தள்ளவேண்டும், காட்சி தானாக ஓடி முடியாது. அதன்பிறகு தம்பி தனியாகப் புறப்படுகிறான். வலது விரல் அவனை நடத்துகிறது. இடது விரலுக்கு வேலை இல்லை. நான்கு மணிநேரம் உழைத்துக்கொண்டிருந்த விரல் குமிழின்மேல் சும்மா கிடக்கிறது. ஒருவன் இல்லாமல் போனதை நான் அந்த விரலில் உணர்ந்தேன். அம்மா போன பிறகு காலையில் இரண்டு தம்ளர் காப்பி ஆற்றி வைத்துவிட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அதைப்போல.

ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் வெள்ளம் குறுக்கிடுகிறது. மழை, இருட்டு. வலது குமிழை எவ்வளவு தள்ளினாலும் தம்பி தண்ணீரைக் கண்டு பின்வாங்குகிறான். வேறு வழி இருக்கிறதா என்று கரையெல்லாம் தேடினேன், தம்பியின் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், எதற்கென்று தெரியாமலே, இடது பட்டனை, செத்துப்போன அண்ணனின் பட்டனை அமுக்கினேன். தம்பி தண்ணீரில் இறங்கி நீந்தத் தொடங்கினான்.

நண்பா, நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவன். அண்ணனின் துணிவு தம்பிக்குள் புகுந்தது என்று ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால், நல்ல வரி என்று அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பேன். சினிமாவாக இருந்தால் அண்ணனின் முகம் ஒருகணம் வந்து மறையும், பின்னணியில் வயலின் ஒலிக்கும். இங்கே சொல்லும் இல்லை, முகமும் இல்லை. முறிந்து ஒட்டிய என் இடது கையின் ஒரு விரல் அழுந்துகிறது, ஒரு பயந்த பிள்ளை ஆற்றைக் கடக்கிறான். அண்ணன் அவனுக்குள் இருக்கிறான் என்பதை எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன். அன்றிரவு மகள் வந்து விளக்கைப் போடும்வரை நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 2001இல் ஜப்பானின் ஃபுமிட்டோ உவேடா உருவாக்கிய இக்கோ என்ற விளையாட்டில், கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன் ஒரு பெண்ணைக் கைபிடித்துக் கோட்டையிலிருந்து மீட்டுவர முயல்கிறான். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் பிடி நிற்கும், நாம் விரலை எடுத்தால் அவள் கை நழுவிவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2017இல் வந்த வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய வீட்டில் வாழ்ந்து, ஒருவர்பின் ஒருவராக மறைந்த ஒரு குடும்பத்தின் கதை. அதில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறான். வலது விரலால் மீனை எடுத்து, கத்திக்கு அடியில் தள்ளி, தலை துண்டானதும் ஓடும் பட்டையில் எறியவேண்டும். மறுபடி ஒரு மீன், மறுபடி ஒரு மீன். இதற்கிடையே அவன் மனத்தில் ஒரு கற்பனை நாடு முளைக்கிறது, அதில் நடப்பதற்கு இடது விரல். முதலில் திரையின் மூலையில் சின்னதாகத் தெரியும் அந்த நாடு, வளர்ந்து வளர்ந்து ஆலையை மூடிவிடுகிறது. கத்தியும் மீனும் கண்ணில் படாமலே வலது கை தன் வேலையைப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது. வேலையில் உடலை விட்டுவிட்டு மனம் மட்டும் வெளியேறிப்போவது எப்படி என்று என் இரண்டு கைகளும் எனக்குக் கற்றுத்தந்தன. அவனுக்கு மருத்துவம் பார்த்தவர் அவன் தாய்க்கு எழுதும் கடிதமாக இந்தப் பகுதி ஒலிக்கிறது. அவன் முடிவைக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை, நேரில் சொல்கிறேன். பத்து நிமிடப் பகுதிதான் அது. மறுநாள் காலையில் பல்துலக்கும்போதுகூட என் வலது கை மீனைத் தள்ளிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

நம் வீட்டுக் கதை ஒன்றும் இந்த வரிசையில் வந்திருக்கிறது என்று சொன்னால் மகிழ்வாய். வெண்பா என்ற விளையாட்டு 2023இல் வெளியானது. கனடாவில் டொரன்டோவைச் சேர்ந்த ஒரு சிறு குழு செய்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. மனைவிக்கு அவள் தாய் கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மசி கரைந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை நாம் ஊகித்துச் சமைக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பது ஒரு புதிர். நான் தவறாக அடுக்க, பின்னால் நின்று பார்த்த என் மனைவி, "குழிக்கு நேரே குழி வந்தால் எப்படி வேகும்? திருப்பி வையுங்கள்" என்று என் தோளைத் தட்டினாள். கடல் கடந்து வந்தவளுக்குத் தாயின் கைப்பக்குவத்தில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது, மீதியைத் தானே மீட்டெடுக்க வேண்டும் என்ற செய்தி அந்தக் கிழிந்த பக்கத்திலேயே இருக்கிறது. மகன் வளர்ந்து, தமிழ் கைவிட்டுப்போன நிலையில் அதே புத்தகத்தைத் திறக்கும் இடமும் அப்படித்தான் நெஞ்சைப் பிடிக்கிறது. குடும்பத்தார் பேசிக்கொள்ளும் பகுதிகளில் மட்டும் நமக்குப் பெரிய வேலை இல்லை, ஒரு பதிலைத் தேர்ந்துவிட்டு வாசித்துக்கொண்டு போகிறோம். அங்கே அது படக்கதையாகிவிடுகிறது. எனக்கு வேண்டியவர்கள் செய்தது என்ற பாசத்தோடேயே இந்தக் குறையைச் சொல்கிறேன். அடுப்படியில் நின்ற நேரமெல்லாம் கதைக்குள் இருந்தேன், அடுப்பை விட்டு நகர்ந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

உனக்கென்று ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். பிரதர்ஸ் வந்த அதே 2013 ஆகஸ்டில், லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கி வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில், 1982இல், நீ ஒரு சோதனை அலுவலர். சன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. பாஸ்போர்ட்டை வாங்கி, பெயரும் படமும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தவேண்டும். சரியாக அனுப்பும் ஆளுக்கு ஐந்து காசு கூலி. ஒரு நாளில் இரண்டு தவறு வரை எச்சரிக்கை, அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் அபராதம். மாலையில் அந்தக் காசில் வாடகை, சோறு, குளிருக்குக் கணப்பு, நோயாளிக்கு மருந்து என்று பங்கு போடவேண்டும். எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் முத்திரை பிடித்த கை உன்னுடையது. அந்த மேசையின் நெருக்கடியும், தாளில் உள்ளதை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்ட கண்ணும், நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒரு முகம் நிற்பதும் உனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆரம்ப நாட்களிலேயே ஒருவன் வருவான். அவன் தாள்கள் சரியாக இருக்கும். பின்னால் என் மனைவி வருகிறாள், கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவான். அடுத்து அவள் வருவாள். அனுமதிச் சீட்டு இருக்காது. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்பாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், வரிசை நீண்டுகொண்டிருக்கும், அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தவறு செய்திருந்தேன், வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். நான் எந்த முத்திரையைக் குத்தினேன் என்பதை இப்போது சொல்லமாட்டேன்.

இது சாதாரணக் கணினியிலேயே ஓடும். உன் மகனிடம் சொன்னால் போட்டுத் தருவான். கன்ட்ரோலரும் வேண்டாம், மவுஸ் போதும். மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதே, எழுத்துகள் பொடியாக இருக்கும். பேத்தி தூங்குகிற மதிய வேளையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண் உன் சன்னலுக்கு வந்தபோது நீ என்ன செய்தாய் என்று எனக்கு எழுது.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பால்ய நண்பன்