காலிபரை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள்: நம் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கார், ஜீப் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது தருமபுரியில் இருக்கிறேன். டி.என். 29, 24, 70 என்று எந்த நம்பர் வண்டியானாலும், பழசாக இருந்தால் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அப்படிப் பார்க்கும்போது ஒரு மாடலின் பிரேக் இன்னொரு மாடலில் உட்கார்ந்திருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. சிலது நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. பலது அரைகுறை. அந்த அரைகுறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேறு மாடல் பாகம் போடுவதற்கு நான் எதிரி இல்லை. நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய மஹிந்திரா ஜீப்பில் ஆளும் தக்காளிக் கூடையுமாக வத்தல்மலையிலோ அஞ்செட்டி மலைப்பாதையிலோ இறங்குகிறவர், முன்னால் டிஸ்க் போட்டுத் தரச் சொன்னால் அவர் கேட்பது நியாயம். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம், ஷூ அதை உள்ளிருந்து அழுத்தும்; டிஸ்க் என்பது சுற்றும் தட்டு, காலிபர் அதை இருபக்கமும் பேடால் கவ்வும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும். ஓடையில் இறங்கி ஏறினாலும் இரண்டு மிதியில் காய்ந்துவிடும். அதனால் பொலிரோ டிஸ்க்கையும் காலிபரையும் ஜீப்பில் ஏற்றுவது நல்ல எண்ணம்தான். ஆனால் காலிபரோடு வேலை முடிந்துவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

டிரம்முக்குள் முன்பக்க ஷூ, சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே உள்ளே இழுபட்டுத் தானாகக் கொஞ்சம் அழுத்திக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, கால் கொடுக்கிற அழுத்தம்தான் எல்லாம். கால் அழுத்தத்தை வேக்குவத்தால் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாத ஜீப்பில் வெறும் டிஸ்க்கை மட்டும் போட்டால் முன்பைவிடப் பெடல் கல்லாகிவிடும். சரி, பூஸ்டரும் போடுவோம் என்றால், டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் கிடைக்காது. வேக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் போட்டால்தான் அந்த பூஸ்டருக்கு உயிர். இதையெல்லாம் சொன்னால் வாடிக்கையாளர் பட்ஜெட் தாண்டிப் போய்விடும், வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. சொல்லாமல் விட்டால் அவர் அடுத்த இறக்கத்தில் காலை ஊன்றிப் பார்க்கும்போதுதான் தெரிந்துகொள்வார்.

அடுத்தது, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைனில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். இதில்தான் அதிகமான தப்பு நடக்கிறது. பழைய டிரம் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில் ஆயில் வெளியேறும் வாயில் ஒரு சின்ன செக் வால்வு இருக்கும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் தளராமல் இருக்க, காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை அது நிறுத்திவைக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது, அதனால் பாதகமில்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. அந்த வால்வை எடுக்காமல் காலிபரை இணைத்தால் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். பத்து கிலோமீட்டர் போனதும் சக்கரம் கொதிக்கிறது, மைலேஜ் இல்லை என்று வண்டி திரும்பி வரும். நீங்கள் காலிபரைக் கழற்றி ஜாமா என்று பார்ப்பீர்கள். கோளாறு அங்கே இருக்காது.

அளவும் முக்கியம். காலிபர் பிஸ்டன் 48 மில்லிமீட்டரிலிருந்து 54 ஆனால் பரப்பு 27 சதவீதம் கூடும். பிடி அவ்வளவு கூடும், சரி. ஆனால் அதே தூரம் நகர 27 சதவீதம் அதிக ஆயிலும் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தர, பெடல் இன்னும் கீழே போகவேண்டும். 'ஏர் இருக்குது' என்று சொல்லி மூன்று தடவை ஏர் எடுப்பீர்கள், ஏர் இருக்காது. உடனே பெரிய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கி மாட்டினால் அது வேறு வில்லங்கம். துளை 19.05 மில்லிமீட்டரிலிருந்து 22.22 ஆனால், அதே கால் அழுத்தத்துக்கு லைனில் கிடைக்கும் அழுத்தம் கால்வாசிக்கும் மேல் குறைந்துவிடும். பெடல் உயரமாக, கெட்டியாக, கம்பீரமாக இருக்கும். வண்டி நிற்காது. பட்டறை வாசலில் மிதித்துப் பார்த்து 'இப்போ பாருங்க சார், எப்படி இருக்குது' என்று சொல்ல வைப்பது இந்தப் பெடல்தான். அதை நம்பாதீர்கள்.

இதனால்தான் சொல்கிறேன், எந்த மாடலின் காலிபரை எடுக்கிறீர்களோ அதே மாடலின் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்துக் கணக்கைத் தொடங்குங்கள். அப்போதும் பின்சக்கரம் மிச்சம் இருக்கும். பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின்னால் பிடி அதிகமானால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டியின் வால் வீசும். கம்பெனிக்காரன் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வைப்பது அதற்காகத்தான். சில வண்டிகளில் பாரத்துக்கு ஏற்ப மாறுகிற மாதிரி ஆக்ஸிலோடு ஒரு கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். 'துருப்பிடிச்சுப் போச்சு, தேவையில்லை' என்று அந்த வால்வை எடுத்துவிட்டு நேராக பைப் கொடுத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மழை நாளில் அந்த வண்டிக்குப் பின்னால் போக எனக்குத் தைரியம் இல்லை.

பின்னாலும் டிஸ்க் போட்டுக் கொடுங்கள் அண்ணா என்று வருகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அலாய் வீல் வழியாக டிஸ்க் பளபளப்பது அழகுதான். சின்னக் காரில் பின் பிரேக் செய்கிற வேலை குறைச்சல், அதற்கு நல்ல டிரம்மே தாராளம். ஹேண்ட் பிரேக் வசதியில்லாத காலிபரைப் பின்னால் போட்டுவிட்டால் மேட்டில் நிறுத்த ஒவ்வொரு முறையும் கல் தேடவேண்டியதுதான். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் எதையும் மாற்றவே வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அந்த மூளைக்குத் தெரிந்தது அந்த வண்டியின் பிரேக் மட்டும்தான்.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் பெரிய மாருதியின் டிஸ்க் கேட்பது நம் பக்கம் சகஜம். அதில் 12 அங்குல ரிம், பெரிய டிஸ்க்கும் காலிபரும் உள்ளே அடங்காது. ரிம்மை மாற்றலாம் என்றால் 800-இன் நாலு போல்ட் வட்டம் 114.3 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட்டுடையது 100. ஓட்டையை லேத்தில் இழுத்துச் சரிசெய்கிறேன் என்பவரிடமிருந்து தள்ளியே நில்லுங்கள். இத்தனையும் தாண்டினாலும் கடைசியில் ரோட்டைப் பிடிப்பது 145 அகல டயர். அந்த டயர் வழுக்கும் அளவுக்கு 800-இன் சொந்த பிரேக்கே, ஒழுங்காக இருந்தால், பிடிக்கும்.

காலிபரைப் பிடித்துவைக்கும் பிராக்கெட் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜீப்பில் அது தவிர்க்க முடியாதது, தெரியும். ஆனால் சக்கரத்தைத் தாங்கும், ஃபோர்ஜிங் செய்த நக்கிள் மேல் பட்டையை வைத்து வெல்டிங் அடிப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். வெல்டுக்குப் பக்கத்தில் இரும்பின் குணமே மாறிவிடும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். கனமான ஒரே பிளேட்டில் வெட்டி, துளைகளை டிரில் செய்து ரீமர் விட்டு, 10.9 என்று தலையில் முத்திரை உள்ள போல்ட்டால் இறுக்குங்கள். டிஸ்க்கை மாட்டியதும் டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெடல் துடிக்கும். டயல் கேஜ் இல்லையா? ஓசூரில் லேத் வைத்திருக்கும் யாரிடமும் இருக்கும்.

இனி தொப்பூர் மலை இறக்கம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் மோதி உயிர்கள் போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மீட்பு வண்டியோடு போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். அது லாரி, நாம் பேசுவது கார் என்று ஒதுக்கவேண்டாம், கணக்கு ஒன்றுதான். ஆளும் சாமானும் சேர்ந்து 1000 கிலோ உள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாலு தடவை முழுதாக நிறுத்துகிற அளவு சக்தியை எங்காவது கரைக்கவேண்டும். அதை முழுக்க பிரேக்கே வாங்கிக்கொண்டால், முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து எட்டு கிலோ என்று வைத்து, காற்று குளிர்விப்பதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், சூடு 200 டிகிரிக்கு மேல் ஏறும். வண்டி சின்ன கியரில் இருந்தால் இதில் பெரும்பங்கை இன்ஜின் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் எடுக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். பெரிய, காற்றுத் துளை உள்ள டிஸ்க்கின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. எடை அதிகம் என்பதால் மெதுவாகச் சூடேறும், துளை வழியாகச் சீக்கிரம் ஆறும். 'பெரிய டிஸ்க் போட்டாச்சு, இனி தொப்பூரில் தைரியமா இறக்கலாம்' என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

அதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு அதில் லாபம் குறைவு என்பதால் யாரும் சொல்வதில்லை. பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்க குறைந்தது 205 டிகிரி வேண்டும், ஈரம் குடித்த பிறகு 140-லேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, 155. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையில் போய் உட்காரும். டிஸ்க் மாற்றவேண்டும் என்று வருகிற பழைய வண்டியில் முதலில் ஆயிலை மாற்றி, ஹோஸை மாற்றி, காலிபர் ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து, பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்து ஓட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் டிஸ்க் கேட்டுத் திரும்பி வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

சென்னை புதுப்பேட்டையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பழைய பாகம் வாங்குவது தப்பில்லை. காலிபர் பாடியை மட்டும் பழையதாக வாங்கி, சீல் கிட்டைப் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள், அளந்து பார்த்து வாங்குங்கள். பழைய ஹோஸ், பழைய பேட் வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மலையில் இறக்கிக் காட்டிச் சோதிக்காதீர்கள். ஆளில்லாத சமதளத்தில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்சதூரம் ஓட்டி வந்து நாலு சக்கரத்திலும் சூடு பாருங்கள். அதற்கு இன்ஃப்ராரெட் மானி மலிவாகவே கிடைக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தது இதற்கு ஆகாது, அது காய்ச்சலுக்கு மட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பிரேக் மாடல் ஆர்.சி.யில் இல்லை என்பதால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் கை வைத்துப் பார்ப்பது அதைத்தான்.

அதனால் நான் கேட்பது ஒன்று. வேறு மாடல் பிரேக் போட்டால் பில்லில் எழுதுங்கள்: எந்த மாடலின் டிஸ்க், எந்தக் காலிபர், மாஸ்டர் சிலிண்டர் துளை எவ்வளவு, அடுத்து வாங்கவேண்டிய பேட் எது, தேதி, பட்டறை பெயர். அதையே ஒரு ஸ்டிக்கராக பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஊத்தங்கரையில் நீங்கள் செய்த வண்டி ராத்திரி ஓமலூரில் நின்றால், அங்கே உள்ள மெக்கானிக் ஆர்.சி.யைப் பார்த்துத்தான் பேட் வாங்குவார், அது சேராது. பில்லில் எழுதத் தயங்குகிற வேலை என்றால் அதைச் செய்யாமலே விட்டுவிடலாம்.

ஸ்டிக்கருக்கு மாதிரி ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். முதல் கட்டு அச்சடிக்கும் செலவு என்னுடையது. பென்னாகரம் ரோட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பட்டறையாக நானே கொண்டுவந்து தருகிறேன். அதில் சேர்க்கவோ திருத்தவோ ஏதாவது இருந்தால் அப்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஒரு பழைய பிரேக்காரன்