யார் சரிபார்த்த ஆராய்ச்சி?

ஆசிரியருக்கு,

கொரோனாக் காலத்தில் கிளிநொச்சிச் சந்தையில் மீன் வாங்கப் போனாலும் "ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிட்டினமாம்" என்ற பேச்சுத்தான். யார் சரிபார்த்த ஆராய்ச்சி என்று கேட்டால் பதில் வராது. வழமையாக ஒரு கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர், சம்பளமும் இல்லாமல், வாசித்துப் பிழை பிடிப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் செல்லும். 2020இல் பல கட்டுரைகளுக்கு அது நாட்கணக்காகச் சுருங்கியது. யாரும் சரிபார்க்காத வரைவுகளும் நேரே இணையத்துக்கு வந்தன. அவசரம், சரி. ஆனால் பேர்பெற்ற மருத்துவ ஆய்விதழான லான்செட்டே சறுக்கியதே! மலேரியா மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுயினைக் கொரோனாவுக்குக் கொடுப்பது பற்றி மே 22இல் அதில் வந்த கட்டுரை, மூலத்தரவைச் சரிபார்க்க வழியில்லாமல் ஜூன் 4இல் மீளப்பெறப்பட்டது. அந்த இடைவெளியில் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் பரிசோதனையையே சில நாட்கள் நிறுத்திவைத்தது.

அந்த அவசரத்தில் எல்லாரும் சமமாக ஓடவும் இல்லை. முதல் அலையில் பெண் ஆய்வாளர்கள் அனுப்பிய கட்டுரைகள் ஆண்களுடையவை அளவுக்குக் கூடவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வியப்பில்லை: வீட்டுக்கு ஒரு போன், அதில் பிள்ளையின் சூம் வகுப்பு, அடுப்பில் சோறு.

இனி "ஆய்வில் தகவல்" என்று போடும்போது அது துறைசார்ந்தவர்கள் சரிபார்த்து முடிந்ததா, வெறும் வரைவா என்று ஒரு வரி சேருங்கள். மீளப்பெற்றால் அதையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள்.

விஞ்ஞான ஆசிரியை,
மாங்குளம்