ஈமெயில்: எத்தினை மணிக்கு எண்டதோட எவ்வளவு வேகத்தில எண்டதையும் சொல்லுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட வணிகப் பக்கத்தில சின்ன ஏற்றுமதிக்காரர் வெளிநாட்டில பையர்மாரை, அதாவது சாமான் வாங்கிற ஆக்களைத் தேடி ஈமெயில் அனுப்புறதைப் பற்றி எழுதியிருந்தீங்கள். நல்ல விசயம், ஆனா நேரத்தைப் பற்றி "செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு அனுப்புங்கோ" எண்ட ஒரு வரியோட கதை முடிஞ்சு போச்சு. நான் வெள்ளவத்தையில இருந்துகொண்டு தேயிலை, கறுவா, உடுப்பு ஏற்றுமதி செய்யிற சின்னக் கொம்பனிகளுக்கு இந்த ஈமெயில் வேலை பாக்கிற ஆள், அந்த ஒரு வரியை மட்டும் நம்பி கனபேர் காசையும் டொமைனையும் (ஈமெயில் விலாசத்தில @ அடையாளத்துக்குப் பிறகு வாற பேர்) கெடுத்துக்கொள்ளுறதைப் பாத்துக்கொண்டிருக்கிறன், அதாலதான் எழுதுறன்.

முதல்ல, ஆருக்குப் பத்து மணி? எங்களுக்குக் காலமை பத்து எண்டா லண்டனில விடியக்காலமை ஐந்தரை, குளிர்காலத்தில நாலரை, ரொறன்ரோவில நடுச்சாமம். அங்க இருக்கிற ஆள் ஒபிசுக்கு வந்து மெயிலைத் திறக்கேக்க எங்கட கடிதம் ராத்திரி வந்த விளம்பரங்களோட அடியில போயிருக்கும். லண்டன் ஆளுக்கு ஒன்பதரைக்குக் கிடைக்கோணும் எண்டா கொழும்பில பின்னேரம் ரெண்டு மணிக்கு அனுப்போணும், ஒக்டோபர் கடைசியில அவையள் மணிக்கூட்டை மாத்தினாப் பிறகு மூண்டு மணிக்கு. சவூதிக்காரருக்கு வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு வேலை நாள், ஆனா டுபாயில 2022 ஜனவரியில இருந்து சனி ஞாயிறுதான் லீவு, வெள்ளி அரை நாள். எங்களுக்குப் போயா (பௌர்ணமி) லீவு எண்டு ஒபிசைப் பூட்டிப்போட்டுப் போறம், லண்டன்காரருக்கு அது சும்மா ஒரு வேலை நாள், அவையள் கேள்வி கேட்டு எழுதினா இங்க ஒருத்தரும் பதில் போட மாட்டினம். போயாவுக்கு முதல் நாள் புது ஆக்களுக்கு அனுப்பாதீங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான்.

இதெல்லாம் வாசிக்கிறாங்களா இல்லையா எண்டதுக்குத்தான். மெயில் இன்பொக்சுக்குள்ள போகுதா ஸ்பாமுக்குள்ள போகுதா எண்டது வேற கதை, அதுக்கு மணியை விட வேகம்தான் முக்கியம். புதுசா வாங்கின டொமைனில இருந்து ஒரே நேரத்தில ஆயிரக்கணக்கில மெயில் போனா ஜிமெயிலுக்கு உடன சந்தேகம் வரும், முன்பின் தெரியாத ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில வந்து இறங்கி வீட்டுக் கேற்றைத் தட்டினா ஆர் திறப்பினம்?

கறுவா அனுப்புற ஒருத்தர், தனக்கு ஜிமெயிலில இருந்து திரும்பி வந்தது எண்டு எனக்குக் காட்டின மெசேஜ் 421 4.7.28 எண்டு தொடங்கிச்சுது. ஒரு ஆளிட்ட ஈமெயில் லிஸ்டைக் காசு குடுத்து வாங்கி, முழுப்பேருக்கும் ஒரே அமத்தில அனுப்பியிருக்கிறார். அந்த இலக்கத்துக்கு அர்த்தம், உங்களிட்ட இருந்து கேக்காத மெயில் வழமைக்கு மாறான வேகத்தில வருது, இப்ப எடுக்க ஏலாது எண்டது. நாலில தொடங்கினா அது தற்காலிகம், பேசாமல் இருந்தா சேர்வர் தானே திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும். ஆனா அவற்ற ஒபிசில போகேல்லை எண்டு நினைச்சு எல்லாருக்கும் மறுபடியும் அனுப்பியிருக்கினம், போன ஆக்களுக்கு ரெண்டு தரம் போச்சு, கொஞ்சப்பேர் கோவத்தில ஸ்பாம் எண்டு அமத்தீட்டினம். ஐந்தில தொடங்கிற இலக்கம் வந்தாத்தான் நிரந்தர மறுப்பு, பிழையான அட்ரஸ் எண்டு வந்ததுகளை லிஸ்டில இருந்து எடுத்துவிடோணும்.

ஸ்பாம் எண்டு அமத்திற ஆக்கள் 0.1 வீதத்துக்குக் கீழ இருக்கோணும், 0.3 வீதத்தைத் தொடவே கூடாது எண்டு கூகுள் சொல்லுது, அதாவது ஆயிரத்துக்கு மூண்டு பேர் அமத்தினாலே ஆபத்து. 2024 பெப்ரவரியில இருந்து கூகுளும் யாஹூவும் இதில கடுமையா நிக்கினம், ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்புறவைக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே உங்கட டொமைனில இருந்துதான் வருது எண்டு காட்டிற அமைப்புகள்) மூண்டும் கட்டாயம். குறைய அனுப்பினாலும் மூண்டையும் போட்டு வையுங்கோ, டொமைன் விக்கிற ஆக்களிட்டக் கேட்டாச் செய்து தருவினம்.

அப்ப என்ன செய்யிறது எண்டா, ஏற்கனவே பழக்கமான, பதில் போடக்கூடிய ஆக்களுக்கு முதல்ல கொஞ்சமா எழுதுங்கோ, ஒவ்வொரு வேலை நாளும் அனுப்புங்கோ, கிழமைக்குக் கிழமை ஆறுதலாக் கூட்டுங்கோ, அந்த 421 மாதிரி ஏதும் வந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டிக் குறையுங்கோ. ரெண்டு கிழமை சும்மா இருந்திட்டு ஒரு நாளில எல்லாத்தையும் தள்ளுறதுதான் மிச்சம் மோசம். இன்னொண்டு, உலகம் முழுக்க ஆக்கள் சரியா ஒன்பது, சரியா பத்து எண்டுதான் ஷெடியூல் போடுறவை, நீங்கள் பத்து மணி பதினேழு நிமிசத்துக்குத் தொடங்கி ஒவ்வொரு மெயிலுக்கும் இடையில ஒண்டு ரெண்டு நிமிசம் விட்டா நல்லம்.

எந்த மணிக்குக் கூடப்பேர் திறக்கினம் எண்டு வாற அட்டவணைகளை நான் பெரிசா நம்புறேல்லை. 2021இல இருந்து அப்பிள் மெயில் ஆள் திறக்காமலே படங்களைத் தானே இறக்கிக்கொள்ளுது, அதால திறந்தது எண்டு காட்டிற கணக்குச் சரிவராது. எத்தினை பேர் பதில் போட்டினம் எண்டதை எண்ணுங்கோ.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில டொலர் விலை போடுற மாதிரி லண்டன், ரொறன்ரோ, டுபாய், ரியாத், சிட்னி நேரத்தையும் அந்தக் கிழமை அங்க இருக்கிற லீவு நாளையும் ஒரு மூலையில போட ஏலுமோ? இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை மாத்துது, கனடா மார்ச் ரெண்டாவது ஞாயிறே மாத்தீடுது, அந்த இடைப்பட்ட கிழமைகளிலதான் எங்கட ஆக்கள் கூடக் குழம்புறவை.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 6